மூன்று ஏ எடுத்தும் ஏன் கிடைக்கவில்லை? இசட் புள்ளி பற்றி ஓர் எளிய விளக்கம்

உயர்தர ரிசல்ட் வந்த அன்று ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை என்று எந்தப் பக்கம் போனாலும் ஒரே கேள்விதான் காதில் விழும்: "எத்தனை ஏ?" மூன்று ஏ என்றால் கெம்பஸ் உறுதி என்று வீட்டில் முடிவு செய்துவிடுவார்கள். சில மாதம் கழித்து வெட்டுப்புள்ளி, அதாவது ஒரு துறைக்குக் கடைசியாக உள்ளே போனவரின் புள்ளி, வெளியாகும்போது கதை மாறும். மூன்று ஏ எடுத்த பிள்ளைக்குக் கேட்ட துறை கிடைத்திருக்காது. பக்கத்து டிவிஷனில் இரண்டு ஏ, ஒரு பி எடுத்த பிள்ளைக்குக் கிடைத்திருக்கும். உடனே "யாரையோ பிடித்திருப்பார்கள்" என்று பேச்சு கிளம்பும்.

பெரும்பாலும் யாரும் யாரையும் பிடித்திருக்கமாட்டார்கள். பெறுபேற்றுத் தாளில் ஏ, பி, சி என்ற எழுத்துகளுக்குக் கீழே நான்கு தசம தானத்தோடு ஓர் எண் இருக்கும். அதுதான் இசட் புள்ளி, பேச்சு வழக்கில் இசட் ஸ்கோர். அதோடு மாவட்ட நிலை, அகில இலங்கை நிலை என்று இரண்டு எண்களும் இருக்கும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பிள்ளைகளை வரிசைப்படுத்துவது அந்த இசட் புள்ளியை வைத்துத்தான். ஏ எத்தனை என்று எண்ணி இடம் கொடுப்பதில்லை. மலையகத்தில் இதை விளங்கிக்கொள்ளாமல் பத்தாம், பதினோராம் வகுப்பிலேயே தவறான கணக்குப் போட்டுப் பாடம் தெரிவு செய்கிறார்கள். அதனால்தான் இந்தக் கட்டுரை. கணக்கு என்றதும் பயப்பட வேண்டாம், கழித்தலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

புள்ளியை அப்படியே கூட்டினால் என்ன?

தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். ஒருவர் ஒரு நாளில் 18 கிலோ கொழுந்து பறித்தார் என்று மட்டும் சொன்னால் அது நல்ல நாளா, மோசமான நாளா? மழை பெய்து கொழுந்து குமிந்து கிடக்கும் மாதத்தில் மலையில் எல்லாரும் 25 கிலோ போடும்போது 18 என்றால் கங்காணி முறைப்பார். வறட்சியில் எல்லாரும் 12 கிலோவுக்கே திண்டாடும்போது 18 என்றால் அவர்தான் அன்றைக்கு முதல் ஆள். கிலோ ஒன்றுதான். அன்று மற்றவர்கள் எவ்வளவு பறித்தார்கள் என்று தெரிந்தால்தான் அந்தக் கிலோவுக்கு மதிப்புச் சொல்ல முடியும்.

பரீட்சைப் புள்ளியும் அப்படித்தான். இணைந்த கணிதத்தில் 65 எடுப்பதும் வேறொரு பாடத்தில் 65 எடுப்பதும் ஒன்றல்ல. ஒரு வருடம் பௌதிகவியல் தாள் கடினமாக வரும், இன்னொரு வருடம் இலகுவாக வரும். கலைப் பிரிவில் இன்னும் சிக்கல். அங்கே பாடங்கள் ஏராளம், ஒருவர் புவியியல் எடுப்பார், இன்னொருவர் நாடகமும் அரங்கியலும் எடுப்பார், மூன்றாமவர் அளவையியல் எடுப்பார். இவர்கள் எல்லாரும் ஒரே இடத்துக்குப் போட்டி போடுகிறார்கள். புள்ளியை அப்படியே கூட்டினால், இலகுவான தாள் வந்த பாடத்தை எடுத்தவருக்கு அதிர்ஷ்டம் அடிக்கும். திறமைக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது.

முன்பு அப்படித்தான் கூட்டினார்கள். நான்கு பாடம், மொத்தம் 400 புள்ளி. 2000ஆம் ஆண்டில் உயர்தரத்தில் பாடங்கள் நான்கிலிருந்து மூன்றாகக் குறைந்தன. அதை ஒட்டி, 2001 முதல் பல்கலைக்கழக அனுமதிக்கு இசட் புள்ளி வந்தது. இந்த முறையை இலங்கைக்கு முன்வைத்தவராக அறியப்படுபவர் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் விவசாயப் பீடத்தில் இருந்த பேராசிரியர் ஆர். ஓ. தட்டில். கம்பளை, நாவலப்பிட்டிப் பக்கமிருந்து கண்டிக்குப் போகும் பஸ் கடந்து போகிற அந்தப் பேராதனைதான். மலைநாட்டுப் பிள்ளைகளின் தலையெழுத்தைப் பார்க்கும் கணக்கு மலைநாட்டிலேயே யோசிக்கப்பட்டது என்பதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

இரண்டே எண்கள்

இசட் புள்ளி கணிக்க ஒரு பாடத்தைப் பற்றி இரண்டு விஷயம் தெரிய வேண்டும். ஒன்று, அந்தப் பாடத்தை நாடு முழுவதும் எழுதியவர்களின் சராசரிப் புள்ளி. பாடப்புத்தகத்தில் இதற்கு இடை என்று பெயர். மற்றது, புள்ளிகள் அந்த இடையிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பது. அதற்கு நியம விலகல் என்று பெயர்.

இடை எல்லாருக்கும் விளங்கும். சிதறல் ஏன் தேவை என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். இரண்டு பாடத்திலும் இடை 50 என்று வையுங்கள். முதல் பாடத்தில் பெரும்பாலான பிள்ளைகள் 40க்கும் 60க்கும் நடுவில் கூட்டமாக நிற்கிறார்கள், நியம விலகல் 10. இரண்டாவதில் சிலர் 20, சிலர் 85 என்று பரந்து கிடக்கிறார்கள், நியம விலகல் 20. இப்போது இரண்டிலும் 70 எடுத்தால்? முதல் பாடத்தில் 70 என்பது கூட்டத்தை விட்டு வெகுதூரம் மேலே. இரண்டாவதில் 70 நல்ல புள்ளிதான், ஆனால் அங்கே இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். இடை ஒன்றாக இருந்தும் இரண்டு 70ம் ஒன்றல்ல.

ஆகவே கணக்கு இது: உங்கள் புள்ளியிலிருந்து இடையைக் கழியுங்கள், வருவதை நியம விலகலால் வகுங்கள்.

இசட் = (புள்ளி − இடை) ÷ நியம விலகல்

முதல் பாடத்தில் (70 − 50) ÷ 10 = 2. இரண்டாவதில் (70 − 50) ÷ 20 = 1. மூன்று பாடத்துக்கும் இப்படிக் கணித்து, மூன்றையும் கூட்டி, மூன்றால் வகுத்தால் பெறுபேற்றுத் தாளில் உள்ள எண் வந்துவிடும். வேறு மந்திரம் எதுவும் இல்லை.

இப்போது அந்த மூன்று ஏ மர்மத்துக்கு வருவோம். கலைப் பிரிவில் இரண்டு பிள்ளைகள். எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக நான் போட்டவை. இருவரும் அரசியல் விஞ்ஞானமும் தமிழும் எடுத்தார்கள். மூன்றாவது பாடமாக ஒருவர் புவியியல், மற்றவர் நாடகமும் அரங்கியலும். அந்த வருடம் அரசியல் விஞ்ஞானத்தின் இடை 45, நியம விலகல் 18. தமிழ் 50, 15. புவியியல் 40, 16. நாடகம் 60, 12 என்று வைத்துக்கொள்வோம்.

புவியியல் எடுத்த பிள்ளை அரசியலில் 81, தமிழில் 77, புவியியலில் 72. ஏ என்பது 75 அல்லது அதற்கு மேல், ஆகவே இரண்டு ஏ, ஒரு பி. மொத்தம் 230. இசட் கணித்தால் அரசியலுக்கு 36 ÷ 18 = 2, தமிழுக்கு 27 ÷ 15 = 1.8, புவியியலுக்கு 32 ÷ 16 = 2. கூட்டி மூன்றால் வகுத்தால் 1.9333.

நாடகம் எடுத்த பிள்ளை அரசியலில் அதே 81, தமிழில் 80, நாடகத்தில் 78. மூன்றும் ஏ. மொத்தம் 239. இசட்டோ 2, 2, பிறகு நாடகத்துக்கு 18 ÷ 12 = 1.5. சராசரி 1.8333.

ஒன்பது புள்ளி கூட எடுத்தவர் வரிசையில் பின்னால் நிற்கிறார். காரணம் ஒரே பாடம். நாடகத்தில் எல்லாருமே நன்றாக எழுதிவிட்டார்கள், அந்தக் கூட்டத்தில் 78 அவ்வளவு உயரமில்லை. புவியியலில் பலர் சறுக்கிய இடத்தில் 72 எடுத்தவர் தனியாகத் தெரிகிறார். அடுத்த வருடம் நாடகத் தாள் கடினமாக வந்தால் இதே கணக்கு மறுபக்கம் சாயும்.

சிலர் தவறாகப் படிக்கும் இடங்கள்

முதலில், மைனஸ். பெறுபேற்றில் −0.2145 என்று வந்ததும் பிள்ளை பெயில் என்று நினைத்து வீட்டில் அழுகை தொடங்கிவிடுகிறது. மைனஸ் என்றால் நாட்டின் சராசரிக்குச் சற்றுக் கீழே என்பது மட்டும்தான் பொருள். சரியாகச் சராசரியில் நின்றால் 0. ஆகவே எந்த வருடமும் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மைனஸ்தான் வரும், அது கணக்கின் இயல்பு. மூன்று பாடமும் சித்தியடைந்து மைனஸ் வாங்கிய பிள்ளைகள் நிறைய உண்டு.

புள்ளிகள் வழக்கமான மணி வடிவில் பரவியிருந்தால், ஒரு பாடத்தில் 1 எடுத்தவர் நூற்றில் சுமார் 84 பேரைத் தாண்டியவர். 2 எடுத்தவர் சுமார் 98 பேரைத் தாண்டியவர். 3 என்பது மிக அரிது. இசட் புள்ளி நூற்றுக்கு எத்தனை என்ற கணக்கல்ல, ஆகவே "1.5 தானே, நூற்றுக்கு ஒன்றரையா?" என்று மாமா கேட்டால் பொறுமையாக விளக்குங்கள்.

இரண்டாவது, ஒரு புள்ளியின் விலை. நியம விலகல் 15 உள்ள பாடத்தில் ஒரு புள்ளி கூடினால் அந்தப் பாடத்தின் இசட் 0.0667 கூடும். மூன்றால் வகுத்தால் இறுதி எண்ணில் சுமார் 0.022. இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. வெட்டுப்புள்ளியை 0.02ஆல் தவறவிட்ட பிள்ளை உண்மையில் ஒரே ஒரு புள்ளியால் தவறவிட்டிருக்கிறது. அப்படிப்பட்டவர் மீள்திருத்தத்துக்கு விண்ணப்பிப்பதில் அர்த்தம் இருக்கிறது. 0.4 குறைவு என்றால் அந்தக் காசை அடுத்த முறைக்குப் புத்தகம் வாங்கச் செலவழிக்கலாம்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் கோபம் வருவது. "இந்தப் பாடத்தில் புள்ளி அள்ளலாம், ஏ சும்மா வரும்" என்று டியூஷன் வகுப்புகளில் பரப்பும் கதை. எல்லாருக்கும் சும்மா ஏ வரும் பாடத்தில் இடை மேலே போய்விடும். அங்கே ஏ எடுத்தாலும் இசட் ஏறாது. அதே மாதிரி, "கஷ்டமான பாடம் எடுத்தால் இசட் கூடும்" என்பதும் அரைகுறை உண்மை. கஷ்டமான பாடத்தில் நீங்களும் சறுக்கினால் உங்கள் இசட்டும் சறுக்கும். பாடத்தின் பெயருக்கு இசட் இல்லை, அந்தக் கூட்டத்தில் நீங்கள் நிற்கும் இடத்துக்குத்தான் இசட். ஆகவே மலையகப் பிள்ளை பாடம் தெரிவு செய்யும்போது கேட்க வேண்டியது, அந்தப் பாடத்துக்கு நம் பாடசாலையில் இரண்டு வருடமும் நிலையாக ஒரு ஆசிரியர் இருப்பாரா என்பது. வருடத்தின் நடுவில் சேர் இடமாற்றம் வாங்கிக்கொண்டு போய்விட்டால் எந்தச் சூத்திரமும் காப்பாற்றாது. தமிழ் மொழி மூலம் கணிதப் பிரிவும் உயிரியல் பிரிவும் முறையாக நடக்கும் தோட்டப்புறப் பாடசாலைகள் எவ்வளவு குறைவு என்று நமக்குத் தெரியும்.

முறையில் குறையே இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. இசட் ஒரு விஷயத்தை ஊகித்துக்கொள்கிறது: ஒவ்வொரு பாடத்தையும் எழுதும் கூட்டம் திறமையில் ஏறத்தாழ ஒன்று என்று. உண்மையில் சில பாடங்களைக் கெட்டிக்காரப் பிள்ளைகள் மட்டுமே எடுப்பார்கள். அங்கே இடை உயர்வது தாள் இலகு என்பதால் அல்ல, எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள் என்பதால். சூத்திரத்துக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. கெட்டிக்காரர் கூட்டத்தில் நடுவில் நிற்பவர் 0 வாங்குவார், பலவீனமான கூட்டத்தில் முன்னால் நிற்பவர் 2 வாங்குவார். அப்படியிருந்தும் புள்ளிகளை அப்படியே கூட்டுவதைவிட இது நியாயமானது என்பதே என் கட்சி.

தரப்படுத்தலும் இதுவும் ஒன்றா?

வயதானவர்களிடம் இசட் புள்ளியைப் பற்றிப் பேசினால் "ஓ, தரப்படுத்தலா?" என்று முகம் மாறும். அந்தக் காயம் எளிதில் ஆறுவதல்ல. 1970களின் தொடக்கத்தில் சிங்கள மொழி மூலம் எழுதியவர்களின் புள்ளிகளையும் தமிழ் மொழி மூலம் எழுதியவர்களின் புள்ளிகளையும் தனித்தனியாக வைத்துச் சரிசெய்தார்கள். விளைவாக, ஒரே துறைக்குப் போகத் தமிழ்ப் பிள்ளை கூடுதல் புள்ளி எடுக்க வேண்டி வந்தது. அந்த மொழிவாரி முறை 1977 ஆட்சி மாற்றத்துக்குப் பிறகு கைவிடப்பட்டது.

இசட் புள்ளி அந்த மாதிரி மொழி பார்ப்பதில்லை. இரசாயனவியலைத் தமிழில் எழுதினாலும் சிங்களத்தில் எழுதினாலும் ஆங்கிலத்தில் எழுதினாலும் எல்லாரும் ஒரே கூட்டம், ஒரே இடை, ஒரே நியம விலகல். கணிதப் பிரிவுப் பிள்ளையும் உயிரியல் பிரிவுப் பிள்ளையும் இரசாயனவியலில் ஒரே கூட்டத்தில்தான் சேர்கிறார்கள். பிரிப்பது பாடத்தை வைத்து மட்டும்.

எந்தக் கூட்டத்தோடு ஒப்பிடுகிறோம் என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2011 ஒரு பெரிய பாடம். அந்த வருட உயர்தரத்தைப் பழைய பாடத்திட்டத்தில் ஒரு பகுதியினரும் புதிய பாடத்திட்டத்தில் ஒரு பகுதியினரும் எழுதினார்கள். தாள்கள் வேறு. இசட் கணிக்கும்போது இரண்டு கூட்டத்தையும் கலந்துவிட்டார்கள். வறட்சி மாதக் கொழுந்தையும் மழை மாதக் கொழுந்தையும் ஒரே தராசில் போட்ட மாதிரி. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. 2012 ஜூனில் நீதிமன்றம் அந்தக் கணிப்பை ரத்துச் செய்து, இரண்டு கூட்டத்துக்கும் தனித்தனியாகக் கணிக்கும்படி உத்தரவிட்டது. சூத்திரத்தில் பிழை இருக்கவில்லை, யாரை யாரோடு சேர்த்தார்கள் என்பதில்தான் பிழை.

அடுத்த படி: மாவட்டம்

இசட் புள்ளி நாடு முழுவதற்கும் ஒன்றுதான். நுவரெலியாப் பிள்ளைக்குத் தனி இசட், கொழும்புப் பிள்ளைக்குத் தனி இசட் என்று கிடையாது. மாவட்டம் உள்ளே வருவது இதற்குப் பிறகு, இடங்களைப் பங்கிடும்போது. இந்த இரண்டு படிகளையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுதான் பாதித் தகராறுக்குக் காரணம்.

பெரும்பாலான துறைகளில் பங்கீடு இப்படி: 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், மாவட்டம் பார்க்காமல் மேலிருந்து கீழே. 55 வீதம் மாவட்டங்களுக்கு, ஒவ்வொன்றின் சனத்தொகைக்கு ஏற்ப. மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று அறிவிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்குக் கூடுதலாக.

ஒரு துறைக்கு நாடு முழுவதும் 1000 இடம் என்று வைத்துப் பார்ப்போம். முதல் 400 பேர் எந்த ஊராக இருந்தாலும் சரி, இசட் மட்டும் பார்த்துப் போய்விடுவார்கள். மஸ்கெலியாவிலிருந்து ஒரு பிள்ளை அந்த 400க்குள் வந்தால் அது நுவரெலியாவின் பங்கைத் தொடாது. அடுத்து 550. 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் சுமார் 2 கோடி 3 லட்சம் பேர், நுவரெலியா மாவட்டத்தில் சுமார் 7 லட்சத்து 11 ஆயிரம். அதாவது மூன்றரை வீதம். ஆகவே 550இல் சுமார் 19 இடம் நுவரெலியாவுக்கு. கண்டியில் சுமார் 13 லட்சத்து 75 ஆயிரம் பேர், அங்கே சுமார் 37 இடம். மீதி 50ஐ அந்த 16 மாவட்டங்களும் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளும்.

அந்தப் பதினாறில் நுவரெலியா, பதுளை, மொனராகலை, இரத்தினபுரி இருக்கின்றன. கண்டி, மாத்தளை, கேகாலை இல்லை. இதை இன்னும் ஒரு தடவை வாசியுங்கள். ரத்தோட்டையிலோ புசல்லாவையின் கண்டிப் பக்கத்திலோ ஒரு லயத்தில் வளரும் பிள்ளைக்கும் தலவாக்கலை லயத்தில் வளரும் பிள்ளைக்கும் வாழ்க்கையில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் கண்டி மாவட்டப் பிள்ளை கண்டி நகரத்தின் பெரிய பாடசாலைகளோடு நேருக்கு நேர் மோத வேண்டும், அந்த 5 வீதமும் கிடையாது. மருத்துவம் போன்ற துறைகளில் கண்டியின் வெட்டுப்புள்ளி நுவரெலியாவைவிட வழக்கமாகக் கூடுதலாகவே இருக்கும். மாவட்டம் என்பது மிகப் பெரிய வலை, அதன் கண்ணில் தோட்டமும் நகரமும் ஒன்றாகத் தெரிகின்றன. தோட்டப்புறத்துக்கென்று தனியாக ஒரு கணக்கு இந்தப் பங்கீட்டில் இல்லை.

உங்கள் மாவட்டம் எது என்பதை அடையாள அட்டை மட்டும் தீர்மானிப்பதில்லை. பரீட்சைக்கு முந்திய மூன்று வருடத்தில் எந்த மாவட்டப் பாடசாலையில் படித்தீர்கள் என்று பார்ப்பார்கள். குறைந்த வெட்டுப்புள்ளிக்காகக் கடைசி நேரத்தில் வெளிமாவட்டப் பிள்ளைகள் வந்து பதிவதைத் தடுக்கத்தான் இந்த நிபந்தனை. மலையகத்தில் இந்தப் புகார் அடிக்கடி எழுவது. ஆனால் அதே நிபந்தனை நம் பிள்ளைகளையும் தொடும். விஞ்ஞானப் பிரிவு தேடி ஹட்டனிலிருந்து கண்டிக்கோ கொழும்புக்கோ போகும் பிள்ளை, நல்ல ஆய்வுகூடத்தோடு சேர்த்து அந்த மாவட்டத்தின் வெட்டுப்புள்ளியையும் வாங்கிக்கொள்ளலாம். சாதாரணதரம் முடிந்த கையோடு பாடசாலை மாற்றுகிறவர்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலில் இந்தப் பகுதியை முதலில் வாசித்துவிட்டு மாற்றுங்கள்.

வெட்டுப்புள்ளி யார் வைப்பது?

"இந்த வருஷம் பொறியியலுக்கு எவ்வளவு வைக்கப் போகிறார்களாம்?" என்று கேட்பார்கள். யாரும் வைப்பதில்லை. ஒரு துறைக்கு, ஒரு பல்கலைக்கழகத்துக்கு, ஒரு மாவட்டத்திலிருந்து கடைசியாக உள்ளே போன பிள்ளையின் இசட்தான் வெட்டுப்புள்ளி. எல்லாருக்கும் இடம் கொடுத்து முடித்த பிறகுதான் அது தெரியவரும். போன வருட வெட்டுப்புள்ளி ஒரு குறிப்பு மட்டும். அதனால்தான் விண்ணப்பத்தில் விருப்ப வரிசை முக்கியம். போன வருடம் 0.05ஆல் எட்டாத துறையாக இருந்தாலும் உண்மையில் விரும்பினால் மேலே போடுங்கள், மேலே போட்டதால் கீழே உள்ளது பறிபோவதில்லை. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ, பெலிஹுல்ஓயாவில் சப்ரகமுவ, பேராதனை என்று மலையைச் சுற்றியே மூன்று பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன, பக்கத்தில் இருக்கிறது என்று அவற்றைக் குறைவாக எண்ணாமல் துறைகளைப் பாருங்கள். கட்டடக்கலை போலச் சிலவற்றுக்கு மொறட்டுவையில் தனியாக ஒரு உளச்சார்புப் பரீட்சையும் உண்டு.

சாதாரணதரத்தில் ஒன்பது ஏ எடுத்திருந்தாலும் அது இசட்டில் சேராது. சில துறைகள் அதில் குறிப்பிட்ட பாடத்தில் குறிப்பிட்ட தரம் கேட்கும், அவ்வளவுதான். பாடசாலைத் தவணைப் புள்ளியும் சேராது. உயர்தரத்தோடு சேர்த்து எழுதும் பொதுச் சாதாரண பரீட்சையில் 30 புள்ளி வேண்டும், அதுவும் வாசல் மட்டும், 90 எடுத்தாலும் இசட் அசையாது.

வெளிநாட்டில் உறவினர் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவில் இது தலைகீழ். நம்மூர் உயர்தரம் மாதிரி நாடு முழுவதற்கும் ஒரே பரீட்சை அங்கே இல்லை, பாடசாலை ஆசிரியர் போடும் தரத்துக்குத்தான் பெரிய இடம். ஒரு பாடசாலை 4க்குப் போடும், இன்னொன்று 5க்கு, வேறொன்று 100க்கு. ஆகவே பல பல்கலைக்கழகங்கள் அந்தத் தரங்களைத் தங்கள் முறைப்படி திரும்பக் கணிக்கின்றன. கலிபோர்னியா பல்கலைக்கழகம் ஒன்பதாம் வகுப்புக்குப் பிறகிருந்து பதினோராம் வகுப்பு முடியும் வரையிலான குறிப்பிட்ட பாடங்களை மட்டும் எடுக்கும். ஏக்கு 4, பிக்கு 3, சிக்கு 2. அங்கீகரித்த கடினமான பாடங்களுக்கு ஒரு புள்ளி கூடுதல், ஆனால் எட்டு அரையாண்டுக்கு மேல் அந்தச் சலுகை இல்லை. உடற்பயிற்சி வகுப்பில் எடுத்த ஏ அங்கே கணக்கில் வராது. நாம் பாடத்துக்குப் பாடம் உள்ள ஏற்றத்தாழ்வைச் சமன் செய்கிறோம், அவர்கள் பாடசாலைக்குப் பாடசாலை உள்ளதைச் சமன் செய்யப் பார்க்கிறார்கள்.

கடைசியாக, இரண்டாம் முறை எழுத யோசிப்பவர்களுக்கு. பல்கலைக்கழக அனுமதிக்காக உயர்தரம் மூன்று முறை எழுதலாம். ஆனால் மூன்று பாடமும் ஒரே தடவையில் எழுதியதாக இருக்க வேண்டும். போன வருட அரசியல் விஞ்ஞான இசட் நன்றாக இருக்கிறது, இந்த வருடம் புவியியலை மட்டும் திரும்ப எழுதி இரண்டையும் ஒட்டிக்கொள்ளலாம் என்பது நடக்காது. மூன்றையும் திரும்ப எழுத வேண்டும், மூன்றுக்கும் அந்த வருடத்துக் கூட்டத்தோடு புதிதாகக் கணக்குப் போடுவார்கள்.